பொடிப்பனி: ‘பவுடர்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் வானிலை

பனிச்சறுக்குக்குப் போகிறவர்கள் காலையில் எழுந்ததும் கேட்கும் முதல் கேள்வி: “பவுடர் இருக்கா?” நமக்குப் பவுடர் என்றால் முகத்துக்குப் பூசுவது. அவர்களுக்கு அது ஒரு வகைப் பனி. பெய்து சில மணி நேரமே ஆகி, காற்றும் வெயிலும் தொடாமல், உலர்ந்து உதிரியாகக் கிடக்கும் பனி.

இதைப் ‘புதுப்பனி’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. பாதிதான் சரி. சுழியம் டிகிரியை ஒட்டிய குளிரில் பெய்தால், புத்தம் புதுப் பனியும் பிழியாத துணி மாதிரி கனக்கும். கையுறையில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டால் அது பவுடர் இல்லை. விரலைத் திறந்ததும் உதிர்ந்து, ஊதினால் பறந்தால்தான் பவுடர். ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. ஒரு கன மீட்டர் நல்ல பவுடர் 100 கிலோகூடத் தேறாது. மீதி இடமெல்லாம் காற்று.

சொல்லின் வேரும் இதையே சொல்கிறது. லத்தீனில் ‘புல்விஸ்’ என்றால் தூசி. அதிலிருந்து பிரெஞ்சு ‘பூத்ர்’, அதிலிருந்து ஆங்கிலப் ‘பவுடர்’. ஜெர்மானியர் இந்தப் பனியைப் ‘புல்ஃபர்ஷ்னே’ என்கிறார்கள், ஜப்பானியர் ‘கொனாயுகி’ என்கிறார்கள். ‘கொனா’ என்றால் மாவு, ‘யுகி’ என்றால் பனி. ‘புதிது’ என்ற பொருள் எதிலும் இல்லை. எல்லாச் சொல்லிலும் இருப்பது உலர்வுதான். சைபீரியாவிலிருந்து வரும் கடுங்குளிர்க் காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு ஹொக்கைடோ மலைகளில் கொட்டும் பனிக்கு உலகெங்கும் பெயர் இருப்பதும் இந்த உலர்வால்தான்.

தமிழில் சிக்கல் ‘பவுடரில்’ இல்லை, ‘பனியில்’. புல்நுனித் துளியும் பனி, கண்ணை மறைக்கும் மூட்டமும் பனி, வானத்திலிருந்து வெள்ளையாக விழுவதும் பனி. வேரைப் பார்த்தால் இது குழப்பமே அல்ல. ‘பனித்தல்’ என்றால் துளித்தல், நடுங்குதல். கண் பனிக்கிறது என்று இன்றும் சொல்கிறோம். கன்னடத்தில் ‘ஹனி’ என்றால் துளி. மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல். அங்கே நடுக்கமே முன்னுக்கு வந்துவிட்டது. ஆனால் சறுக்கப் போகிறவருக்கு, வானிலை அறிக்கை வெறுமனே ‘நாளை பனி’ என்று சொன்னால் ஒன்றும் புரியாது. மூடுபனியா, உறைபனியா, பனிப்பொழிவா?

பவுடருக்கு என் தேர்வு ‘பொடிப்பனி’. பொடிதல் என்றால் நொறுங்கி உதிர்தல். 7ஆம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் சிவனைச் ‘சுடலைப் பொடிபூசி’ என்றபோது அது சாம்பல். ஈரம் துளியும் இல்லாதது. ஈரமானால் பொடி பொடியாக இருக்காது என்பது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். ‘தூள்பனி’யும் தவறில்லை. அதில் சறுக்கி இறங்குகிறவர் “தூள்!” என்று கத்துவார் என்பது கூடுதல் லாபம்.

பொருள் பிடிபட்டால் வானிலை அறிக்கையில் எதைத் தேடுவது என்பதும் தெரிந்துவிடும். நானும் ஒருமுறை ‘30 செ.மீ.’ என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கிளம்பி, முழங்கால் வரை ஈரப்பனியில் புதைந்து நின்றிருக்கிறேன். பார்க்க வேண்டியது வெப்பநிலையை. 1 மி.மீ. மழைநீர் ஏறக்குறைய 1 செ.மீ. பனியாகும் என்பது பொதுக்கணக்கு. கடுங்குளிரில் அதே நீர் 2 செ.மீ. வரை உப்பும். அந்த வெப்பநிலையும் எந்த உயரத்துக்கானது என்று கேட்க வேண்டும். 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும்; அடிவார ஊரில் 2 டிகிரியில் மழை தூறும்போது உச்சியில் மைனஸ் 4, 5 இருக்கலாம். அறிக்கையில் வரும் ‘உறைநிலை உயரம்’ என்பது வெப்பம் சுழியத்தைத் தொடும் மட்டம். விழும் பனி உருக நேரம் எடுப்பதால், அதற்கு 200, 300 மீட்டர் கீழே வரைகூடப் பனியாகவே வந்து சேரும்.

அடுத்தது காற்று. மணிக்கு 25, 30 கி.மீ. வேகம் போதும், பொடியை வாரிக்கொண்டுபோய் மலையின் மறுபக்கத்தில் பலகைபோல் அப்பிவிடும். வெயில் தொட்டாலும் கதை முடிந்தது: மேற்பரப்பு உருகி, இரவில் உறைந்து, மிதித்தால் நொறுங்கும் ஓடாகிவிடும். அதற்குத் தமிழில் ‘பொருக்கு’ என்ற அருமையான சொல் இருக்கிறது; காய்ந்து பெயரும் மேலோடு. பொருக்கின் மேல் விரற்கடை அளவு பொடி விழுந்திருந்தால் பார்வைக்குப் பவுடர், காலுக்குப் பொறி.

வசந்தகாலத்தில் பகலில் உருகியும் இரவில் உறைந்தும் பனி மணிமணியாகத் திரளும். ஆங்கிலத்தில் ‘கார்ன்’ பனி என்பார்கள். சோளம் என்று பாய்ந்துவிட வேண்டாம்; அந்தச் சொல்லின் பழம்பொருள் தானியமணி. ‘குறுணைப் பனி’ என்றால் அளவும் உருவமும் சேர்ந்தே வந்துவிடும். முற்பகலில் மேல்மணிகள் இளகும் ஓரிரு மணி நேரம்தான் அதற்கு நல்ல நேரம். அதன்பின் கூழ்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது ‘பனிச்சரிவு’ என்ற சொல். சறுக்கும் சாய்வான இடத்தையும் அப்படி எழுதுகிறோம், மலையிலிருந்து பெயர்ந்து வந்து ஆளை விழுங்கும் பனியையும் அப்படியே எழுதுகிறோம். இடத்தைச் ‘சறுக்குச் சாய்வு’ என்று பிரித்துவிடலாம். ஏனென்றால் பொடிப்பனி கொட்டித் தீர்த்த மறுநாள்தான் பனிச்சரிவு அபாயமும் கூடியிருக்கும். லேசான பொடியின் மேல் பிறகு கனத்த பனி விழுந்திருந்தால் இன்னும் மோசம். ஐரோப்பாவில் 1993 முதல் அபாயத்தை 5 படிகளில் அறிவிக்கிறார்கள். 3ஆம் படியைத் தமிழில் ‘நடுத்தரம்’ என்று எழுதிவிடத் தோன்றும், 5இல் 3 நடுவில்தானே இருக்கிறது. ஆனால் அபாயம் படிக்குப் படி சீராக ஏறுவதில்லை, மடங்கு மடங்காக ஏறுகிறது. பலிகளில் பெரும்பங்கு நிகழ்வது அந்த 3ஆம் படி நாட்களில். ‘கணிசமான அபாயம்’ என்று எழுதுங்கள்.