சிறார் போராளிகளின் புனர்வாழ்வு: பதிவு மேசையில் பறிபோகும் உரிமை

போர் ஓய்ந்து ஆயுதக் களைவு அறிவிக்கப்படும்போது, சிறுவயதில் படையில் சேர்க்கப்பட்டவர்களுக்குத் தனிப் புனர்வாழ்வு உண்டு என்ற அறிவிப்பும் கூடவே வருகிறது. அதை நம்பிப் பதிவு மேசைவரை போய், "உன் பெயர் பட்டியலில் இல்லை" என்ற ஒரே பதிலோடு திரும்பியவர்கள் ஏராளம். அவர்களுக்கும், அவர்களோடு துணைக்குப் போகும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த விளக்கம் பயன்படும்.

சட்டப் பின்னணி சுருக்கமானது. போரால் பாதிக்கப்பட்ட குழந்தை உடலாலும் உள்ளத்தாலும் தேறிவர அரசு ஆவன செய்ய வேண்டும் என்பது ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 39ஆம் பிரிவு. படையில் சேர்க்கப்பட்ட சிறாருக்கு அதை உறுதிசெய்வது அந்த உடன்படிக்கையோடு இணைந்த, 2000இல் ஏற்கப்பட்ட விருப்ப நெறிமுறை. நடைமுறையை விரிவாகச் சொல்வது, சிறார் போராளிகள் குறித்த வழிகாட்டு நெறிகளான 2007இன் பாரிஸ் கோட்பாடுகள். விண்ணப்பத்தில் கோட்பாடுகளை மட்டும் எழுதிவிடாதீர்கள். அவை சட்டமல்ல என்று சொல்லி அதிகாரி கோப்பை மூடிவிடுவார், சொல்வதும் சரிதான். உங்கள் அரசு ஒப்புதல் அளித்திருந்தால் முதலிரண்டும் அதைக் கட்டுப்படுத்தும் என்பதால் அவற்றையே முதலில் எழுதுங்கள்.

பன்னாட்டு நெறிப்படி தகுதிக்கு அடிப்படை ஒன்றே: சேர்க்கப்பட்டபோது வயது பதினெட்டுக்குக் கீழ் இருந்ததா என்பது. சமையல் செய்தவர், சுமை தூக்கியவர், செய்தி கொண்டுபோனவர், வேவு பார்க்க அனுப்பப்பட்டவர், பாலியல் தேவைக்கென்று பிடித்துவைக்கப்பட்ட சிறுமி ஆகிய எல்லோரும் இதில் அடங்குவர். இருந்தும் மேசையில் கேட்கப்படும் முதல் கேள்வி "துப்பாக்கி எங்கே?" என்பதாகவே இருந்துவருகிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில், ஏ.கே. 47 துப்பாக்கியைக் கழற்றி மீண்டும் பூட்டிக் காட்டச் சொல்லிச் சிறாரையும் சோதித்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் அடுப்படியில் நிறுத்தப்பட்ட சிறுமி அதை எப்படிச் செய்து காட்டுவாள்? அந்நாட்டுத் திட்டத்தில் சிறுமிகள் பெருமளவு விடுபட்டதற்கு இந்தச் சோதனை ஒரு காரணம். தளபதிகள் கொடுக்கும் பெயர்ப் பட்டியலை அப்படியே நம்புவது இன்னொரு காரணம். தன் "மனைவி" என்று வைத்திருக்கும் சிறுமியின் பெயரை எந்தத் தளபதியும் எழுதித் தரமாட்டான். ஆகவே, ஆயுதமும் பட்டியலும் சிறாருக்கு நிபந்தனையல்ல என்று விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

இதைவிடக் கொடியது வெளியேறிய தேதியை வைத்துத் தகுதியை மறுப்பது. கொலம்பியாவின் 2011ஆம் ஆண்டின் 1448ஆம் எண் சட்டம், ஆயுதக் குழுவில் இருந்த சிறாரைப் பாதிக்கப்பட்டவராக ஏற்பதற்கு, அவர் பதினெட்டு வயது நிரம்புமுன் வெளியேறியிருக்க வேண்டும் என்று வகுத்தது. பன்னிரண்டு வயதில் பிடித்துச் செல்லப்பட்டு, தப்ப வழியில்லாமல் பத்தொன்பதில் வெளியே வந்தவர், கூடுதலாகத் துன்பப்பட்ட காரணத்தாலேயே அவ்விதியால் உரிமையை இழந்தார். இத்தகைய விதி உள்ள இடத்தில், வெளிவந்த தேதியை யாரோ தோராயமாக எழுதிவிட இடம் தராதீர்கள். படிவத்தை வாங்கிப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

பிறப்புச் சான்றிதழ் எரிந்துபோயிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அலுவலகத்தைத் தவிர. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, தடுப்பூசி அட்டை, வழிபாட்டிடப் பதிவேடு, உடன்பிறந்தவர்களின் வயது ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு போங்கள். ஐயம் எழுந்தால் சிறார் என்றே கொள்ள வேண்டும் என்பது பன்னாட்டு நெறி. அதை நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

புனர்வாழ்வு முகாம் என்ற பலகை மாட்டிய இடமெல்லாம் புனர்வாழ்வு முகாம் ஆகிவிடாது. சிறாரை வயதுவந்த போராளிகளிடமிருந்து பிரித்து, விரைவில் படைசாராத குடிமை அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். படைத் தகவலுக்காக விசாரிக்கக் கூடாது. குழுவில் இருந்தார் என்ற ஒரே காரணத்துக்காக வழக்குத் தொடரவோ தடுத்துவைக்கவோ கூடாது என்பது பாரிஸ் கோட்பாடுகளின் நிலைப்பாடு. உளவளத் துணை என்று தொடங்கும் பேச்சு, ஆயுதக் கிடங்கு எங்கே, தளபதி யார் என்று திரும்பினால், அது விசாரணை என்று புரிந்துகொள்ளுங்கள். பெற்றோரோ பாதுகாவலரோ வழக்கறிஞரோ அருகில் இல்லாமல் பேச வேண்டாம்.

கையில் பணமாகத் தருகிறோம் என்றாலும் எச்சரிக்கை தேவை. லைபீரியாவில் சிறாருக்கும் 300 டாலர் தரப்பட்டது. அதில் பங்கு கேட்டுப் பழைய தளபதிகள் வந்து நின்றார்கள். அதைவிடச் சியரா லியோனில் பள்ளி வழியே செய்த ஏற்பாடு மேலானது: படையிலிருந்து வந்து சேர்ந்த மாணவருக்காகப் பள்ளிக்குப் பாடப் பொருள்கள் வந்தன, மற்றப் பிள்ளைகளும் அவற்றால் பயனடைந்தார்கள், யாரும் அவரை மட்டும் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒரு வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்றிதழ் வாங்கினால் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் வேலைக்கோ வாடகை வீட்டுக்கோ அதை அடையாள ஆவணமாகக் காட்ட வேண்டாம்.

எந்தப் படியில் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள். அப்போது தேதி, அலுவலர் பெயர், சொல்லப்பட்ட காரணம் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொண்டு, அதன் நகலை நாட்டின் மனித உரிமை ஆணையத்துக்கும் யுனிசெப் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். திட்டத்துக்கான நிதி தீர்ந்தால் மேசையே எடுக்கப்பட்டுவிடும் என்பதால், மேல்முறையீட்டை அந்த வாரத்திலேயே செய்துவிடுவது நல்லது.