உறைபனிக்கும் உறைமோர் வேணும்

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் எங்க மாமாவுக்கு கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கு. 2021 ஜூலைல போன் பண்ணி "மாப்ள, பிரேசில்ல பனி விழுந்து காப்பிச்செடியெல்லாம் கருகிருச்சாம், இங்க வெல ஏறும்டா"ன்னு ஒரே குஷி. எனக்குப் புரியல, நமக்கு பனின்னா ஏற்காடு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல நின்னா மூஞ்சில வந்து அப்புற மூடுபனிதானே, அதுல எந்தச் செடி கருகும்? அங்க விழுந்தது உறைபனி, ஊட்டிக்காரங்களக் கேட்டா தெரியும்.

ஒருதடவ அம்மா கொத்தமல்லிக் கட்ட தெரியாம ஃப்ரீசர்ல வச்சுட்டாங்க. காலைல எடுக்கறப்ப வெறச்சுப் போயிருந்துச்சு, கொஞ்ச நேரத்துல கரும்பச்சையா கொழகொழன்னு துவண்டு தட்டு முழுக்க தண்ணி விட்டுருச்சு. வயல்லயும் இதேதான். ஐஸ் மொதல்ல செல்லுக்கு வெளிய, இடுக்குல உருவாகும், அது உள்ள இருக்குற தண்ணிய இழுத்து இழுத்து வளரும், செல்லு வத்தி சுருங்கி அதோட சவ்வு போயிரும், வெயில் வந்து ஐஸ் உருகுனதும் உள்ள இருந்ததெல்லாம் வெளிய ஒழுகிரும். அதாவது இந்த மாதிரி செடியக் கொல்றது குளிர விட ஐஸ்தான்.

இங்கதான் மேட்டரே. 0 டிகிரிக்கு வந்த உடனே தண்ணி ஐஸ் ஆகிறாது. பாலு தயிராக உறைமோர் ஊத்துற மாதிரி அதுக்கும் ஒரு உறை வேணும். எதுவும் கலக்காத சுத்தமான குட்டித் துளி -38 டிகிரி வரைக்கும் கூட தண்ணியாவே நிக்கும்! இலை மேல அந்த உறைமோர் வேலையப் பாக்குறது சூடோமோனாஸ் சிரிஞ்சேன்னு ஒரு பாக்டீரியா. அதோட தோல்ல இருக்குற ஒரு புரதம் தண்ணி மூலக்கூறுகள ஐஸ்ல இருக்குற மாதிரியே வரிசையா நிக்க வச்சிரும், அதனால -2 டிகிரிலயே உறைஞ்சிரும். அது இல்லாத இலை -4, -5 வரைக்கும் கூட தாங்கும்.

அமெரிக்காவுல ஸ்டீவன் லிண்டோன்னு ஒரு விஞ்ஞானி யோசிச்சாரு, அந்தப் புரதத்துக்கான ஜீன மட்டும் வெட்டிட்டு அதே பாக்டீரியாவ முன்னாடியே தெளிச்சு விட்டா, எடத்த இது புடிச்சிக்கும், உறைய வைக்கிறவனுக்கு எடம் இருக்காது. பஸ்ல துண்டு போட்டு சீட் புடிக்கிற கதைதான். 1987ல கலிஃபோர்னியாவுல ஸ்ட்ராபெர்ரிலயும் உருளைக்கிழங்குலயும் தெளிச்சுப் பாத்தாங்க. ஜீன் மாத்துன பாக்டீரியாவ அனுமதியோட வெட்டவெளில விட்டது அதான் மொதல் தடவ, எதிர்ப்பு பயங்கரம், ராத்திரில வந்து செடியவே புடுங்கிப் போட்டாங்க. சேதம் கொறஞ்சது உண்மை, ஆனா கடைக்கு வரவே இல்ல. எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

கோதுமை மாதிரி குளிர் நாட்டுப் பயிருங்க தானே தயாராகிக்கும், குளிர் கூடக்கூட செல்லுல சர்க்கரைய சேத்து சவ்வையும் எளக்கமா மாத்திக்கும். காப்பி எத்தியோப்பியாவுல நெழல்ல வளந்தது, அதுக்கு இந்த வித்தை தெரியாது.

உறைபனிலேர்ந்து பயிரக் காப்பாத்த ஸ்பிரிங்ளர்ல விடிய விடிய தண்ணி அடிக்கிறதும் உண்டு, ஒவ்வொரு கிராம் தண்ணி உறையறப்பவும் 80 கலோரி சூட்ட விடுது, அதுல இலை 0 டிகிரிலயே நிக்கும், ஐஸ் வெளிய படிஞ்சாலும் இலைக்குள்ள உறையாது, பாதில மோட்டார் நின்னா மட்டும் கதை கந்தல்.

மாமா தோட்டத்துல காப்பிக்கு மேல சில்வர் ஓக் நிக்குது. மேகமில்லாத ராத்திரில இலை சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுட்டு காத்த விட ஜில்லாயிரும், மேல மரம் இருந்தா அது கூரை மாதிரி தடுக்கும். பிரேசில்ல முக்காவாசி வெட்டவெளித் தோட்டம்.