காரைக்குடியில் கிழக்கே சுட்டால் தோட்டா ஏன் மேலே போகிறது?

காரைக்குடிப் பக்கம் வறண்டு கிடக்கும் ஒரு கண்மாயில், இந்தக் கரையில் ரைஃபிள், ஆயிரம் மீட்டர் தள்ளி இலக்கு என்று வைத்துக்கொள்வோம். காற்று அசையவில்லை. விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 7.62 மி.மீ. தோட்டா சுமார் 1.7 விநாடியில் போய்ச் சேரும். எவ்வளவு சரியாகக் குறி வைத்தாலும், அது 20 முதல் 25 செ.மீ. வரை வலப்புறம் ஒதுங்கியிருக்கும்.

காரணம் அதன் சுழற்சி. குழலின் உள்சுவரில் வலஞ்சுழியாக வெட்டப்பட்ட பள்ளங்கள், 30 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் தோட்டாவைத் திருப்புகின்றன. குழலை விட்டு வெளியேறும்போது அது விநாடிக்கு 2,600 தடவை சுழல்கிறது. சுழலாவிட்டால் காற்றில் குட்டிக்கரணம் போட்டுவிடும். வேகமாகச் சுற்றும் பம்பரத்தைத் தட்டிப் பாருங்கள்: தட்டிய பக்கம் சாயாது, அதற்குக் குறுக்கே திரும்பும். தோட்டாவின் பாதை கீழே வளைய வளைய, எதிர்க்காற்று அதன் முனையை அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. முனையோ வலப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. ஒரு பாகைகூட இல்லாத அந்தச் சாய்வில் காற்று விடாமல் அழுத்துவதுதான் இந்த விலகல். பள்ளங்கள் இடஞ்சுழியாக இருந்தால் இடப்புறம் விலகும்.

அடுத்தது பூமியின் சுழற்சி. வட அரைக்கோளத்தில் அது தோட்டாவை வலப்புறம் விலக்கும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 45 பாகை அட்சரேகையில் இதே சூட்டுக்கு அந்த விலகல் கிட்டத்தட்ட 9 செ.மீ. காரைக்குடியோ சுமார் 10 பாகையில் இருக்கிறது. இங்கே வெறும் 2 செ.மீ.தான்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது மேல்கீழ் விலகலை. இங்குள்ள தரை மணிக்குச் சுமார் 1,650 கி.மீ. வேகத்தில் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கே சுட்டால் தோட்டாவின் வேகமும் அதோடு சேர்கிறது. வட்டப்பாதையில் வேகம் கூடினால் வெளியே விலகும் போக்கும் கூடும். தோட்டாவின் எடை துளி குறைந்ததுபோல் ஆகி, ஆயிரம் மீட்டரில் 12 செ.மீ. மேலே படும். மேற்கே சுட்டால் அதே அளவு கீழே. வடக்கிலும் தெற்கிலும் இந்த விளைவு இல்லை.

ஆடிக்காற்றில் இதெல்லாம் அடிபட்டுப் போகும் என்பது உண்மை. மணிக்கு 16 கி.மீ. வேகக் குறுக்குக்காற்றே இந்தத் தோட்டாவை 2 மீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். ஆனால் காற்று ஓய்ந்த விடியற்காலையில், கிழக்கு நோக்கிச் சரிசெய்த ரைஃபிளை அப்படியே மேற்கே திருப்பினால், அதே தூரத்தில் 24 செ.மீ. கீழே படும். தூரத்தோடு திசையையும் குறித்துக்கொண்டுதான் குறிநோக்கியைத் திருத்த வேண்டும்.