சட்டிவா: உண்ணத்தக்கதா, பயிரிடுவதா?

நெல்லின் தாவரவியல் பெயரான 'ஒரைசா சட்டிவா'வுக்கு 'உண்ணத்தக்க நெல்' என்று பொருள் எழுதியிருப்பதை இந்த மாதம் மூன்றாவது முறையாகப் பார்த்துவிட்டேன். அது பிழை.

இலத்தீனில் 'செரெரே' என்றால் விதைத்தல், நடுதல். அந்த வினையடியில் பிறந்த பெயரடை சட்டிவுஸ். தழுவும் பெயரின் பாலுக்கேற்ப அதன் ஈறு மாறும். ஆண்பாலில் சட்டிவுஸ் (முள்ளங்கி, ரஃபானுஸ் சட்டிவுஸ்), பெண்பாலில் சட்டிவா (நெல்), இரண்டுமல்லாத அலிபாலில் சட்டிவும் (பூண்டு, அல்லியும் சட்டிவும்). மூன்றும் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட பெயர்கள். மருந்து நூல்களில் வரும் 'அல்லியி சட்டிவி' வேறொரு செடியல்ல. அதே பூண்டு ஆறாம் வேற்றுமையில் நிற்கிறது, 'பூண்டினது' என்பதுபோல.

இனி அந்த 'உண்ணத்தக்க'. கஞ்சாவும் கன்னாபிஸ் சட்டிவாதான். குதிரை மசாலும் மெடிகாகோ சட்டிவாதான், அது மாட்டுத் தீவனம். உண்ணத்தக்க என்பதற்கு இலத்தீனில் தனிச்சொல்லே இருக்கிறது: எஸ்குலெந்துஸ். வெண்டைக்காயின் பெயரில் அது அப்படியே நிற்கிறது. மரவள்ளியிலும் சேம்பிலும் எஸ்குலெந்தா என்று பெண்பாலாக வருகிறது. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லால் பெயர்த்தால் படிக்கிற மாணவர் எப்படிப் பிரித்தறிவார்?

'விதைத்த' என்பாரும் உண்டு. வேர்ப்பொருளுக்கு அது நெருக்கம்தான். ஆனால் பூண்டுப் பல்லை ஊன்றுகிறோம், விதைப்பதில்லை. குங்குமப்பூச் செடியான குரோக்குஸ் சட்டிவுஸ் விதையே தராது. கிழங்கை நட்டுத்தான் பெருக்க வேண்டும். செரெரே இரண்டையும் தாங்கும், 'விதைத்த' தாங்காது. 'வளர்ப்பு' என்றால் ஆடுமாடும் மீனும் நினைவுக்கு வருகின்றன. 'நாட்டு' என்றால் நாட்டுக்கோழி, நாட்டுத்தக்காளி என்று உள்ளூர் ரகமாகிவிடும். 'சாகுபடி' பொருளில் சரி. தெலுங்கிலிருந்து வந்தது, நம்மிடமே சொல் இருக்கையில் எனக்கு அது வேண்டாம்.

'பயிரிடும்' என்பதே என் தேர்வு. பயிரிடும் நெல், பயிரிடும் பூண்டு, பயிரிடும் முள்ளங்கி. நம் பெயரெச்சத்துக்குப் பால் வேறுபாடு இல்லாததால் மூன்று வடிவத்துக்கும் ஒரே சொல் போதும். எதிர்ச்சொல்லும் கைவசமே உள்ளது. சில்வெஸ்ட்ரிஸ் என்றால் காட்டு. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். அலிபாலுக்கு மட்டும் சில்வெஸ்ட்ரே. சிறுகுறிஞ்சானின் பெயரான ஜிம்னிமா சில்வெஸ்ட்ரேயில் இருப்பது அதுதான். அதை 'சில்வெஸ்டர்' என்று ஆள்பெயர்போல் அச்சிடுகிறார்கள். மொழிபெயர்க்க உட்காருகிறவர் இலத்தீன் அகராதியை ஒருமுறை புரட்டினால் இவ்வளவும் கிடைத்துவிடும்.