பிரஷ் ஸ்ட்ரோக்: வீச்சா, தீற்றலா?

ஓவியம் பற்றி எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ‘தூரிகை வீச்சு’ என்றே இருக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்போ ஸ்ட்ரோக் என்றதும் ‘தூரிகைப் பக்கவாதம்’ என்கிறது; அதைத் திருத்தாமலே வெளியிடுகிறார்கள். இது கவனக்குறைவு, சுட்டிக்காட்டினால் போய்விடும். வீச்சு அப்படிப் போகாது, சரியான சொல்போலவே தோன்றுவதால்.

ஆங்கில ஸ்ட்ரோக்குக்கு அடி, தடவல் என இரு பொருளும் உண்டு. பிரெஞ்சில் தூஷ் என்பார்கள், தொடுதலிலிருந்து வந்தது. ஓவியத்தில் அதன் பொருள், தூரிகை ஒருமுறை பட்டு எடுத்ததும் பரப்பில் தங்கிவிடும் வண்ணத் தடம்.

தங்கிவிடும் என்பதுதான் முக்கியம். வாள்வீச்சும் வலைவீச்சும் கையின் வேகத்தைச் சொல்கின்றன, தடத்தைச் சொல்வதில்லை. வான்கோ 1887இல் பாரிஸில் வரைந்த, சாம்பல்நிறத் தொப்பி அணிந்த தன்னுருவப் படத்தைப் பாருங்கள். தாடியில் ஆரஞ்சுக்குப் பக்கத்திலேயே பச்சை, இரண்டும் குழையாமல் தனித்தனியாக நிற்கும். முகத்தில் கோடுகள் மூக்கை ஒட்டிக் கிளம்பிக் கன்னத்து மேடுபள்ளத்தோடு போகும். தலையைச் சுற்றி நீலம் ஒளிவட்டம்போல வளைந்து வரும். ஒவ்வொன்றும் இடம்பார்த்து வைத்தது. இதில் எதை வீசினார்? பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் (Frans Hals) கழுத்துப்பட்டியையும் சட்டைக் கையையும் மளமளவென்று முடித்த விதத்தைச் சொல்லும்போது வீச்சு பொருந்தும், அங்கே பேச்சு கைவேகத்தைப் பற்றியது. எல்லா ஓவியர்மேலும் அதையே ஏற்றுகிறவர்கள் படத்தைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்க்கிறார்கள்.

தீற்றல் நம்மிடம் இருக்கிற சொல். சுவரில் சுதை தீற்றுவோம், நெற்றியில் திருநீறு தீற்றுவோம். ஒட்டிக்கொண்ட பூச்சும் அதை இழுத்த விரலும் சேர்ந்தே அந்தச் சொல்லில் இருக்கின்றன. வான்கோவின் கெட்டியான வண்ணத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

தூரிகை வடசொல், ஆகவே துகிலிகைத் தீற்றல் என்றே எழுத வேண்டும் என்பவர்களும் உண்டு. துகிலிகை பழைய, அழகான சொல்தான். பாதிரிப் பூவை, ஓவியர் அரக்கு ஊட்டிய துகிலிகையோடு ஒப்பிடுகிறது நற்றிணை 118. ஆனால் தூரிகை எல்லோருக்கும் விளங்குகிறது, அதை மாற்ற வேண்டியதில்லை.

தீற்றல் என்று வைத்துக்கொண்டால் வினையும் கூடவே வருகிறது: தீற்றினார், தீற்றிய, தீற்றாமல் விட்ட. வீச்சை வைத்துக்கொண்டவர்கள்தான் ‘தூரிகை வீச்சுகளை மேற்கொண்டார்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.