ஸ்டெனோசிஸ்: சுருக்கமா, ஒடுக்கமா?

அரசு அலுவலகத்தில் ‘ஸ்டெனோ’ என்றால் சுருக்கெழுத்தர். மருத்துவ அறிக்கையில் வரும் ‘ஸ்டெனோசிஸ்’ அதற்கு உடன்பிறப்பு. இரண்டுக்கும் வேர் ‘ஸ்டெனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்; குறுகலானது என்று பொருள். குழாயோ வால்வோ, உள்வழி குறுகிப்போனால் ஸ்டெனோசிஸ்.

தமிழில் இதைச் சுருக்கம், குறுக்கம், ஒடுக்கம் என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். என்னைக் கேட்டால் ஒடுக்கம்தான் சரி. குறுக்கம் என்பது நீளம் குறைவது. ஐகாரக்குறுக்கத்தில் மாத்திரை குறைகிறதே, அதுபோல. சுருங்கியது மறுபடி விரியும் என்ற எண்ணம் சுருக்கத்தோடு ஒட்டிக்கொண்டே வரும். ஒடுக்கமான சந்து தானாக அகலமாகாது.

இந்த வேறுபாடு உயிரைத் தொடும் இடம் ‘சப்குளாட்டிக் ஸ்டெனோசிஸ்’. ‘குளாட்டிஸ்’ என்பது குரல் நாண்களும் அவற்றின் நடுவிலுள்ள இடைவெளியும். ‘சப்’ என்றால் கீழே. ஆக, குரல்நாண்கீழ் ஒடுக்கம். அந்த இடத்தில்தான் கிரிகாய்டு குருத்தெலும்பு இருக்கிறது. கிரேக்கத்தில் ‘கிரிகோஸ்’ என்றால் மோதிரம். இதுவும் முத்திரை மோதிரம் போல முழு வளையம். இதற்குக் கீழேயுள்ள மூச்சுக்குழாய் வளையங்களுக்குப் பின்பக்கம் திறந்திருக்கும். முழு வளையத்துக்குள் வீக்கம் வந்தால் வெளிப்பக்கம் தள்ள இடமில்லை, உள்ளேதான் பெருக்கும். அப்புறம் அது ஆறித் தழும்பாகி வழியை ஒடுக்கிவிடும்.

அந்த வீக்கத்துக்கு ஒரு காரணம், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சிறு இரத்தக்குழாய்களையே தாக்கும் நோய். 1930-களில் அதை விவரித்த ஜெர்மானியர் வெகனரின் பெயரால் வழங்கியது, 2011-இல் ‘கிரானுலோமடோசிஸ் வித் பாலிஆஞ்சைட்டிஸ்’ ஆனது. கடைசியில் வரும் ‘ஐட்டிஸ்’ நமக்கு அழற்சி. அழல் என்றால் நெருப்பு. சிவந்து சூடாகும் வீக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

இந்த ஒடுக்கத்தை ஆஸ்துமா என்று நினைத்துவிடுவதும் உண்டு. ஆஸ்துமாவில் மூச்சுக்கிளைகளின் தசை இறுகுகிறது. அதைச் சுருக்கம் என்பது சரி, இன்ஹேலர் அதைத் தளர்த்தும். தழும்பு தளராது. ஆஸ்துமாவின் விசில் பெரும்பாலும் மூச்சை விடும்போது கேட்கும். குரல்நாண்கீழ் ஒடுக்கத்தில் மூச்சை உள்ளே இழுக்கும்போது தொண்டையிலிருந்து இரைச்சல் வரும். மருந்துக்கு அடங்காத ‘ஆஸ்துமா’வோடு மூக்கில் இரத்தப் பொருக்கு, தீராத சைனஸ், குரல் கம்மல் என்று சேர்ந்து வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தாமதிக்காமல் போங்கள். குழாய்க் கேமராவில் ஒடுக்கம் தெரியும். ‘ஆன்கா’ என்ற இரத்தப் பரிசோதனை அந்த இரத்தக்குழாய் அழற்சியைக் கண்டுபிடிக்க உதவும். பலூன் வைத்து வழியை விரித்து, அந்த இடத்திலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். சிலருக்கு அது மறுபடி ஒடுங்கும், மறுபடி விரிக்க வேண்டிவரும்.