குளிரும் ஆழமும் மட்டும் போதாது: அரிய அணுச் சிதைவுத் தேடலில் எங்கே கோட்டை விடுகிறோம்

டெல்லூரியம்-130 அணுவில் நியூட்ரினோ இல்லாத இரட்டை பீட்டா சிதைவு (இரண்டு நியூட்ரான்கள் ஒரே நேரத்தில் புரோட்டான்களாகி, நியூட்ரினோ வெளிவராமல் இரண்டு எலக்ட்ரான்கள் மட்டும் பாய்வது) நடந்தால், இரண்டு எலக்ட்ரான்களும் சேர்ந்து 2527.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலைப் படிகத்துக்குள் கொட்டும். நிறமாலையில் அந்த இடத்தில் சிறு மேடு எழுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில், சுமார் 1400 மீட்டர் பாறைக்குக் கீழே, குவோரே சோதனை 2017 முதல் இதைத்தான் தேடி வருகிறது. 988 டெல்லூரியம் டை ஆக்சைடு படிகங்கள். ஒவ்வொன்றும் 5 செ.மீ. கனசதுரம், 750 கிராம். 10 முதல் 15 மில்லி கெல்வினில் படிகத்தின் வெப்பக் கொள்திறன் அவ்வளவு சரிந்துவிடுவதால், 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் விழுந்தாலே வெப்பநிலை சுமார் 0.1 மில்லி கெல்வின் ஏறும். ஒட்டியிருக்கும் ஜெர்மானியம் தெர்மிஸ்டர் என்ற வெப்ப உணரி அதைப் பிடித்துவிடும்.

புதிதாக வருபவர்கள் காஸ்மிக் கதிரில் வரும் மியூவான் துகளுக்குத்தான் பயப்படுவார்கள். அதைப் பாறை பார்த்துக்கொள்ளும். தொல்லை தருவது படிகத்தைத் தாங்கும் செம்புச் சட்டத்தின் மேற்பரப்பு. அங்கே படிந்த யுரேனிய, தோரிய வழித்தோன்றல்கள் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆல்ஃபாவை வீசும். செம்பில் ஆல்ஃபா பாயும் தூரம் 10 மைக்ரான் அளவுதான். ஆற்றலில் பாதியைச் செம்பிலேயே இழந்து வெளிவரும் ஆல்ஃபா, நாம் தேடும் ஆற்றலிலேயே வந்து விழலாம். செம்பைக் காமா அளவியில் வைத்து ‘சுத்தம்’ என்று சான்று வாங்கினாலும் இந்தத் தோல் அழுக்கு அதில் தெரியாது. அதனால்தான் உருட்டித் தேய்த்தல், மின்வழி மெருகு, அமில அரிப்பு, கடைசியாகப் பிளாஸ்மா என்று நான்கு கட்டக் கழுவல். கழுவிய பிறகு காற்றில் திறந்து வைத்தால் பட்ட பாடெல்லாம் வீண்: ரேடானின் வழித்தோன்றலான ஈயம்-210 ஒட்டிக்கொள்ளும், அதன் அரை ஆயுள் 22 ஆண்டுகள். கோப்பதெல்லாம் நைட்ரஜன் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள்தான். உள் கவசத்துக்கு ரோமானியர் காலத்து ஈயத்தைத் தேடிப்போனதும் இதே ஈயம்-210 அதில் எப்போதோ செத்துப்போயிருக்கும் என்பதால்தான்.

அடுத்தது அதிர்வு. பல்ஸ் டியூப் குளிர்விப்பான்கள் 1.4 ஹெர்ட்ஸில் துடிக்கும். படிகத்தின் சமிக்ஞையோ சில விநாடிகள் நீள்வது. இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதும். குளிர்விப்பான்களின் துடிப்பு ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி அவற்றின் துடிப்புக் கட்டத்தை (phase) மாற்றி மாற்றி, இரைச்சல் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துவார்கள். வெப்பநிலை மெல்ல நகர்வதைத் திருத்த, படிகத்தில் ஒட்டிய சிறு சூடேற்றி சில நிமிடங்களுக்கொருமுறை ஒரே அளவு ஆற்றலைத் தட்டும்.

எவ்வளவு கழுவினாலும் ஆல்ஃபா முழுதாகப் போகாது. குவோரேக்கு அடுத்து வரும் கியூபிட் (CUPID) சோதனை இதனால்தான் லித்தியம் மாலிப்டேட் படிகத்துக்கு மாறுகிறது: துகள் பட்டால் அது ஒளிரும், ஒரே ஆற்றலுக்கு ஆல்ஃபா தரும் ஒளி குறைவு என்பதால் பிரித்துவிடலாம். மாலிப்டினம்-100இன் 3034 கிலோ எலக்ட்ரான் வோல்ட், இயற்கைக் காமாவின் 2615 கோட்டுக்கு மேலே இருப்பது கூடுதல் வசதி. ஆனால் அதன் சாதாரண, நியூட்ரினோவும் வெளிவரும் இரட்டை பீட்டா சிதைவின் அரை ஆயுள் சுமார் 7×10¹⁸ ஆண்டுகள்தான். இந்தத் துறையில் அது அவசரக்குடுக்கை. ஒரே படிகத்தில் அடுத்தடுத்து இரண்டு நடந்து, மெதுவான போலோமீட்டர் (வெப்பத்தை அளக்கும் இந்தப் படிக உணரி) ஒன்றாகக் கூட்டிவிட்டால் பொய் மேடு வரும். ஆகவே படிக அளவை முடிவுசெய்யும்போதே ஒளி உணரியின் வேகத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.